தலைமயிர் உதிர்தல்: காரணமும் சிகிச்சையும்

தலைமயிர் உதிர்தல் ஒரே வியாதியன்று. பல காரணங்களால் உண்டாகும் ஓர் அடையாளமேயாம். பூவிருந்தவல்லியை அடுத்த பாரிவாக்கமாயினும் வேறெந்தக் கிராமமாயினும், காரணத்தை விசாரியாமல் தைலம் வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

மனிதர் தலையில் சுமார் 1,00,000 மயிர்கள் உண்டு. தினந்தோறும் 50 முதல் 100 வரை உதிர்தல் இயற்கை. ஒவ்வொரு மயிரும் சில வருஷம் வளர்ந்து, ஏறக்குறைய 3 மாதம் ஓய்ந்திருந்து, பின் விழும். கடுஞ்சுரம், பிரசவம், பட்டினி இவற்றால் அநேக மயிர்கள் ஒருங்கே ஓய்வுநிலையை அடைகின்றன. ஆகையால் சுரம் நீங்கி 2, 3 மாதம் கழிந்த பின்னரே சீப்பில் கொத்தாக மயிர் வருகிறது. அதற்குள் சுரம் மறந்துபோகிறபடியால், கிணற்றுத் தண்ணீர்மேலும் சோப்பின்மேலும் பழி விழுகிறது! இவ்வகை பெரும்பாலும் சில மாதங்களில் தானே சீர்ப்படும். அவ்வாறு சீர்ப்படாவிடில் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு உண்டா என்று இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

வட்டமாக, வழவழப்பாக மயிர் விழுவதைப் புழுவெட்டு என்பர். அங்கே புழு ஏதுமில்லை. சரீரத்தின் காவற்சக்தியே தவறுதலாக மயிர்க்காலைத் தாக்குகிறது. சிறு வட்டங்களில் பலவும் தாமே வளர்ந்துவிடுவதால், தேய்த்த சின்ன வெங்காயத்துக்குக் கீர்த்தி உண்டாயிற்று போலும். குழந்தைகள் தலையில் செதிலும் ஒடிந்த மயிருமாய்க் காணும் வட்டமோ படை. அது பூஞ்சையால் வருவது. சீப்பு, துண்டு மூலம் பரவும். இதற்கு மேற்பூச்சு மட்டும் போதாது. வைத்தியர் கொடுக்கும் மருந்தைப் பல வாரம் உட்கொள்ள வேண்டும். வீங்கிச் சீழ் கட்டினாற்போலிருப்பினும் கீறலாகாது.

ஆண்களுக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் வரும் வழுக்கை பரம்பரையைச் சார்ந்தது. மினாக்ஸிடில் பூசினால் ஓரளவு பலனுண்டு. நிறுத்தினால் அப்பலனும் நீங்கும்.

ஊரார் பலருக்கு ஒருங்கே மயிர் உதிர்ந்தால் விசாரணை வேறுவிதமாக வேண்டும். 2024 டிசம்பர் முதல் மகாராஷ்டிரத்துப் புல்டாணா ஜில்லாவின் சேகாவ் தாலுக்காக் கிராமங்களில் பலர் சில தினங்களுக்குள் தலைமயிரை இழந்தனர். வெட்கத்தால் பலர் வெளியே வரவும் அஞ்சினர். முதலில் பூஞ்சையென்றும் தண்ணீரென்றும் ஐயுற்றனர். பின்னர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் ஆராய்ந்து, அவர்கள் உண்ட ரேஷன் கோதுமையில் செலினியம் என்னும் தாது மிகுந்திருந்ததே காரணமென்று கூறினார். பாதிக்கப்பட்டோர் இரத்தத்திலும் அது மிகுந்தும், துத்தநாகம் குறைந்தும் இருந்தன. ஆகவே நியாயவிலைக் கடை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தார் இத்தகைய புகார் எழுந்தால், தானியத்தில் ஒரு படி தனியே எடுத்துவைத்துச் சுகாதார அதிகாரிக்கு உடனே அறிவித்தல் தகும்.

வைத்தியர் சுமார் 50 மயிர்களைப் பற்றி மெல்ல இழுத்துப் பார்ப்பர். ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு மும்முரமாயிருக்கிறதென்று அறிவர். தோல் பளபளத்து மயிர்க்கண்களே மறைந்திருப்பின் தாமதம் கூடாது; அவ்விடத்தில் மயிர் மீண்டும் முளைப்பதில்லை; பரவாமல் தடுப்பதே சிகிச்சை. சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் சரும வைத்தியப் பிரிவு இருக்கிறது. போகிறவர்கள் சுரமோ பிரசவமோ கண்ட மாதத்தைக் குறித்துக்கொண்டும், உட்கொள்ளும் மாத்திரைகளையும் பூசும் தைலப் புட்டியையும் எடுத்துக்கொண்டும் செல்க.