மடிநோயும் சோற்றுக்கற்றாழையும்

கந்தர்வக்கோட்டை வட்டாரத்திலே நிலக்கடலையும் முந்திரியும் வானத்தை நம்பியவை. கறவைப் பசு ஒன்றே நாள்தோறும் கையிற் காசு தருவது. தறி வைத்திருக்கும் அங்கத்தினர் வீட்டிலும், பாவு கிடைக்காத நாட்களில் அடுப்பெரியச் செய்வது அதுவே. ஆகையால் அதன் மடி வீங்கினால் குடும்பமே கலங்கிவிடுகிறது.

மடிநோய் பெரும்பாலும் நுண்கிருமிகளால் உண்டாவது. பால் கறந்தபின் சுமார் அரைமணி நேரம் காம்பின் துவாரம் முழுதும் மூடிக்கொள்வதில்லை. அப்போது பசு சாணத்திலும் சேற்றிலும் படுத்தால் கிருமி உள்ளே புகுந்துவிடும். கறந்தவுடன் தீவனம் வைத்து மாட்டை நிற்கவிடுமாறு வைத்தியர்கள் வற்புறுத்துவது இதனாலேதான். மடி வீங்காமலே இந்நோய் ஒளிந்திருப்பதும் உண்டு. பால் மட்டும் குறையும், காரணம் விளங்காது. அதைக் கண்டறியும் எளிய சோதனையொன்று 1957-இல் கலிபோர்னியாவில் வகுக்கப்பட்டது. பாலுடன் ஒரு திரவத்தைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுற்ற பால் கூழ்போல் இறுகும்.

பென்சிலின் முதலிய மருந்துகள் பல மடிகளைக் காத்தன. இதை மறுப்பார் இல்லை. எனினும் அம்மருந்து பாலிலும் இறங்குகிறது. குறித்த நாட்கள்வரை அப்பாலைச் சங்கத்தில் ஊற்றலாகாது. ஒருவர் ஊற்றினால் ஊரார் பால் முழுவதும் கெடும். அன்றியும், அளவின்றி வழங்கினால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போகின்றன.

இந்நிலையில், நமக்கு அண்மையிலுள்ள தஞ்சையிலே, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு மூலிகை வைத்தியத்தை ஆராய்ந்து, மருந்துகளுக்கு அளவு வகுத்துத் தந்தார். தேசியப் பால்வள வாரியம் அவற்றை வேறு மாநிலங்களிலும் பரப்பியுள்ளது. பாட்டிமார் கைக்கணக்காய் அறிந்ததற்கு நிறையும் நாளும் குறித்ததே இதிலுள்ள பெரும்பணி என்பது நம் கருத்து.

முறை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும். மடியை நன்கு கழுவி, பாலைக் கறந்து விலக்கியபின், ஒரு கைப்பிடி விழுதை நீரிற் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாட்கள் விடாது செய்யவேண்டும். முதல் மூன்று நாட்கள் தினம் இரண்டு எலுமிச்சம்பழங்களை நறுக்கித் தின்னக் கொடுப்பதும் உண்டு. பத்து முறை என்பதைக் கேட்டு அலுத்துக்கொண்டு இரண்டு முறையோடு நிறுத்துவோரே பலன் இல்லையென்று குறைகூறுவர்.

காய்ச்சல் கண்டாலோ, பாலில் இரத்தம் வந்தாலோ, மாடு தீனியை விட்டாலோ, பூச்சை மட்டும் நம்பியிராமல் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நோயுற்ற பசுவைக் கடைசியிற் கறந்து, அதன் பாலைத் தொழுவத்துத் தரையில் ஊற்றாமல் தொலைவிற் குழி தோண்டிப் புதைக்கவும்.