கூலிப்படை நாவல்: துப்பாக்கிக்கு முன்னாடி ரசீது

ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தாங்க. முதல் நாவல் எழுதிக்கிட்டு இருக்காங்களாம். த்ரில்லர். கூலிப்படை வீரர்கள் ஒரு ஆப்பிரிக்க நாட்டுக்குள்ள இறங்கி ஆட்சியைக் கவிழ்க்கிற கதை. "சண்டைக் காட்சி எழுத வருது, மத்ததெல்லாம் நிக்க மாட்டேங்குது. என்ன படிக்கலாம்?" இதுதான் கேள்வி. இந்த எபிசோட் முழுக்க அதுக்கான பதில்தான்.

முதல்ல ஒரு வார்த்தைச் சிக்கல். நம்ம ஊர் பேப்பர்ல 'கூலிப்படை'ன்னா பைக்ல வந்து வெட்டிட்டுப் போற கும்பல். நான் பேசுறது அவங்களைப் பத்தி இல்லை. ராணுவத்தில் பயிற்சி எடுத்து, பிறகு காசுக்காக வேறொரு நாட்டில் போய்ச் சண்டை போடுபவர்கள்.

இந்த வகையில நான் கையில குடுக்கிற புத்தகம் ஃபிரடெரிக் ஃபோர்சைத் 1974ல் எழுதிய 'தி டாக்ஸ் ஆஃப் வார்'. அவருடைய முதல் நாவல் இது இல்லை; அது 1971ல் வந்த 'தி டே ஆஃப் தி ஜாக்கல்'. அதைச் சில பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஒருத்தனை வாடகைக்கு எடுக்கிறாங்க. ஆனா டி கோல் கொல்லப்படலைன்னு ஊருக்கே தெரியுமே, அப்புறம் என்ன சஸ்பென்ஸ்? அவர் அதை எப்படித் தாண்டினார்னா, 'நடக்குமா'ங்கிற கேள்வியை விட்டுட்டு 'எப்படிச் செய்வான்'ங்கிறதைப் பிடிச்சுக்கிட்டார். செத்துப்போன குழந்தையோட பிறப்புச் சான்றிதழை வெச்சுப் போலி பாஸ்போர்ட் வாங்குறது மாதிரி விஷயங்கள்.

அதே வித்தைதான் 'டாக்ஸ் ஆஃப் வார்'லயும். சங்காரோன்னு ஒரு கற்பனை நாடு. அங்கே ஒரு மலையில பிளாட்டினம் இருக்குன்னு லண்டன் சுரங்க முதலாளி ஒருத்தருக்கு மட்டும் தெரிய வருது. அதிபரை மாத்திட்டா சுரங்கம் நம்ம கையிலன்னு கணக்குப் போட்டு, ஷானன்கிற கூலி வீரனை அமர்த்துறார். தாக்குதல் கடைசிப் பக்கங்கள்லதான் வரும். அதுவரைக்கும்? கம்பெனி பதிவு பண்றது, பேங்க் கணக்கு, பழைய கப்பல் வாங்குறது, ரப்பர் படகு வாங்குறது, எண்ணெய் டிரம்முக்குள்ள துப்பாக்கி ஒளிக்கிறது. 'எண்ட் யூஸர் சர்டிஃபிகேட்'னு ஒண்ணு வரும். இந்த ஆயுதத்தை வாங்குறது இன்ன அரசாங்கம்னு சொல்ற காகிதம். அது இல்லாம சட்டப்படி வியாபாரமே நடக்காது, அதனால அதையே விலைக்கு வாங்குறாங்க. ஒரு ரசீதுப் புத்தகத்தை நகத்தைக் கடிச்சுக்கிட்டுப் படிக்க வெச்ச ஆள் ஃபோர்சைத்!

சங்காரோவுக்கு மாதிரி ஈக்வடோரியல் கினி. 1968ல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கிய சின்ன நாடு. முதல் அதிபர் மசியாஸ் நடத்திய ஆட்சியில் மக்களில் பெரும் பகுதி நாட்டை விட்டே ஓடினார்கள். பின்னாடி அங்கே கடல்ல எண்ணெய் கிடைச்சுது. 2004 மார்ச்சில், முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சைமன் மேனும் அறுபதுக்கு மேற்பட்ட ஆட்களும் ஒரு போயிங் 727 விமானத்தோட ஹராரேயில பிடிபட்டாங்க. ஆயுதம் ஏத்திக்கிட்டு, இதே நாட்டுல ஆட்சியை மாத்தப் போற திட்டம். மார்கரெட் தாட்சர் மகன் மார்க் தாட்சர்கூடத் தென்னாப்பிரிக்காவில் இந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 லட்சம் ராண்ட் அபராதம் கட்டினார். நாவல்ல டிரம்முக்குள்ள போன துப்பாக்கி, நிஜத்துல விமான நிலையத்தையே தாண்டலை.

ஆனா இந்த நாவல்ல எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. சங்காரோ ஜனங்க அதுல மனுஷங்களாவே வர்றதில்லை. கவிழ்க்கப்படுறதுக்காக ஒரு நாடு, அவ்வளவுதான். மெயில் அனுப்பினவங்களோட சுருக்கத்துலயும் அதேதான். நாட்டுக்குப் பேர்கூட இல்லை.

ஆப்பிரிக்காவே எதுக்குன்னும் கேக்கத் தோணுது. 1988 நவம்பர் 3, மாலே. அப்துல்லா லுத்துஃபிங்கிற மாலத்தீவு வியாபாரி, அதிபர் கையூமைக் கவிழ்க்க ஆள் எடுத்தார். வந்தவங்க சுமார் 80 பேர், இலங்கையின் புளொட் இயக்கத்துத் தமிழ்ப் பையன்கள். அதிபர் தப்பிவிட்டார், டெல்லியிடம் உதவி கேட்டார். அன்று இரவே ஆக்ராவிலிருந்து இந்தியப் பாராசூட் படை ஹுலுலே விமான நிலையத்தில் வந்து இறங்கியது. தப்பிச்சவங்க பிணைக் கைதிகளோட ஒரு கப்பல்ல போக, ஐஎன்எஸ் கோதாவரியும் பெட்வாவும் துரத்திப் பிடிச்சது. மொத்தம் 19 பேர் செத்துப்போனாங்க.

முதலாளி, கடல், பொம்மை அரசு, எல்லாமே ஃபோர்சைத் பாணிதான். ஆனா ஈழம்னு சொல்லி வீட்டை விட்டு வந்த பையன், எவனோ ஒரு வியாபாரியோட ஆசைக்காக மாலே தெருவுல துப்பாக்கியோட நிக்கிறான் பாருங்க, அவன் ஷானன் இல்லை. காசு மட்டும் காரணமா? இயக்கத்துக்கு ஒரு தளம் கிடைக்கும்கிற கணக்கும் இருந்ததாகச் சொல்வார்கள். படகுல ஏறும்போது அவனுக்கு எவ்வளவு சொல்லியிருப்பாங்க?

மெயில் அனுப்பினவங்களுக்கு: நாடு எதுவா வேணா இருக்கட்டும், அந்தப் படகுல இருக்கிற ஒருத்தனுக்கும் கரையில தூங்கிட்டு இருக்கிற ஒருத்தருக்கும் பேர் வெச்சு முதல் அத்தியாயத்தை எழுதி அனுப்புங்க. படிச்சுட்டுப் பேசுவோம்.