மேசை உருப்பெருக்கி விளக்கு: நுண்வேலைக்கு வாங்குவதும் பயன்படுத்துவதும்

ஏறக்குறைய 45 வயதில் பெரும்பாலானோருக்கு ஊசிக்கண் மங்கத் தொடங்குகின்றது. கண்ணினுள் அமைந்த வில்லை இளமையில் இருந்த நெகிழ்வை இழந்துவிடுவதே காரணம். இது நோயன்று, எல்லோருக்கும் நேர்வது. ஆனால் இதனுடன் சேர்ந்து நிகழும் மற்றொரு மாற்றத்தைப் பலர் அறிவதில்லை. கண்மணி சுருங்கி, வில்லையும் மஞ்சள் படிவதால், 60 வயதில் விழித்திரையைச் சென்றடையும் ஒளி 20 வயதில் சென்றடைந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. தாயும் மகளும் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்து சேலைக்கு விளிம்பு தைத்தாலும், இருவருக்கும் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றன்று.

ஆகவேதான் வெறும் பூதக்கண்ணாடியைக் காட்டிலும் விளக்குடன் கூடிய மேசை உருப்பெருக்கி அதிகம் உதவுகின்றது. அது இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டுவிடுகின்றது. வெளிச்சத்தையும் வேலையின் அருகே கொண்டுவருகின்றது. சிறிய விளக்கொன்றை முன்பிருந்த தூரத்தில் பாதியளவுக்கு நெருக்கினால் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் இந்நாட்டில், சட்டைக்குக் கொக்கி தைப்போருக்கும், சங்கிலியின் அறுந்த வளையத்தைக் கோப்போருக்கும், மருந்துப் போத்தலின் சிறிய எழுத்தை வாசிப்போருக்கும் இது சிறிய உதவியன்று.

வில்லையின் வலு

விளம்பரங்களில் எண்கள் பலவாறாக எழுதப்படுகின்றன. வில்லையின் வலு டையொப்டர் என்னும் அலகால் குறிக்கப்படும். 3 டையொப்டர் வில்லை பொருளை மூன்று மடங்காக்குவதில்லை. டையொப்டர் எண்ணை நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டினால், பெட்டிகளில் வழக்கமாகக் குறிக்கப்படும் மடங்கு கிடைக்கும். இக்கணக்கின்படி 3 டையொப்டர் 1.75 மடங்கு; 5 டையொப்டர் 2.25 மடங்கு, 8 டையொப்டர் 3 மடங்கு. ‘ஐந்து’ என்று பெரிதாக அச்சிட்ட பெட்டியை வாங்குமுன் அது டையொப்டரா, மடங்கா என்று கேட்டறிவது காசை மிச்சப்படுத்தும்.

வலு கூடினால் நல்லது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நடைமுறையில் அதுவே பலருடைய விளக்கு பயன்படாமல் மூலையில் நிற்பதற்குக் காரணமாகின்றது. வலு கூடக்கூட வில்லைக்கும் வேலைக்கும் இடையே விடக்கூடிய இடைவெளி குறைகின்றது. 3 டையொப்டர் வில்லைக்கு அந்த இடைவெளி 33 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். 5 டையொப்டருக்கு 20. 8 டையொப்டருக்கு 12.5 மட்டுமே. பன்னிரண்டு சென்ரிமீற்றருக்குள் நூலை இழுத்துத் தைக்க முயல்பவரின் கை வில்லையில் இடித்துக்கொண்டே இருக்கும். பார்வைப் பரப்பும் சுருங்குகின்றது. கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரிகின்றது. தையலுக்கும் பூவேலைக்கும் 3 டையொப்டர் அகன்ற வில்லை பெரும்பாலும் போதும். நகைத் திருத்தம், மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்தல் போன்றவற்றுக்கு 5 டையொப்டர் பொருந்தும். அதற்கு மேற்பட்ட வலு, ஒரு கணம் உற்றுப் பார்ப்பதற்கே அன்றி, ஒரு மணி நேரம் வேலை செய்வதற்கு உகந்ததன்று.

அமைக்கும் முறை

முதலில் நாற்காலியில் முதுகு சாய்த்து அமர வேண்டும். பிறகு வேலையைக் கண்ணை நோக்கி உயர்த்த வேண்டும். கழுத்தை வேலையை நோக்கித் தாழ்த்தக் கூடாது. மடியில் வைத்துத் தைத்துப் பழகியோர், முழங்கைகள் தங்கும்படி மேசைமேல் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் துணியை விரித்தால் இது எளிதாகும். வில்லையைத் துணிக்கு மிக அருகே இறக்கி, பின்னர் மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். உருவம் பெரிதாகிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் கலங்கத் தொடங்கும். அந்த இடத்திற்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே சரியான உயரம். முகத்தை வில்லைக்கு நெருக்கினால் பரப்பு விரியும். இரண்டு கண்களாலும் பார்க்கும்படி, மூக்கு வில்லையின் நடுவுக்கு நேரே வருவது நல்லது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா என்பது பலருடைய ஐயம். பெரும்பாலும் வேண்டியதில்லை. வில்லை துணிக்கு அருகே இருக்கும்போது வாசிப்புக் கண்ணாடி உதவும். முன்சொன்ன எல்லை வரை உயர்த்தியபின் தூரப்பார்வைக் கண்ணாடியே போதுமானதாகலாம். மேலும் கீழும் வெவ்வேறு வலுவுள்ள கண்ணாடி அணிவோர், கீழ்ப்பகுதியால் பார்ப்பதற்காக நாடியை உயர்த்திக் கழுத்தை வருத்திக்கொள்வதுண்டு. நாள்தோறும் நெடுநேரம் தைப்பவர் தனி வாசிப்புக் கண்ணாடி ஒன்றைப் பற்றிக் கண் பரிசோதகரிடம் கேட்கலாம்.

வெளிச்சத்தின் திசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வில்லையைச் சுற்றி வட்டமாக அமைந்த விளக்கு நிழல் விழாமல் காட்டும். வாசிப்பதற்கு அது சிறந்தது. ஆனால் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைப்பவருக்கு நிழலே வழிகாட்டி. எல்லாத் திசையிலிருந்தும் ஒளி விழுந்தால் நெசவின் மேடுபள்ளம் மறைந்து, துணி வழுவழுப்பான தாள்போலத் தோன்றும். அத்தகைய வேலைக்கு வட்டத்தில் ஒரு பாதியை மட்டும் எரியவிடும் வசதியுள்ள விளக்கோ, பக்கவாட்டில் வைத்த இன்னொரு சிறு விளக்கோ தேவை. தங்கமும் சரிகையும் கண்ணாடி மணியும் நேர் ஒளியைக் கண்ணுக்கே திருப்பி எறியும். விளக்கைச் சாய்த்தால் கூச்சம் அகலும். வலக்கைப் பழக்கமுள்ளோருக்கு ஒளி இடப்புறமிருந்தும், இடக்கைப் பழக்கமுள்ளோருக்கு வலப்புறமிருந்தும் வருவது நல்லது.

மஞ்சள் ஒளியில் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றுபோலவே தோன்றும். மறுநாள் பகலில்தான் பிழை தெரியும். நிறம் பார்த்து வேலை செய்வோர், பகலொளியை ஒத்த, 5000 முதல் 6500 கெல்வின் வரையுள்ள எல்.இ.டி விளக்கைத் தேர்வது பொருத்தம். கண்புரை உள்ளவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: மிகு வெளிச்சம் அவர்களுடைய கண்ணில் சிதறிக் கூச்சத்தையே தரும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி அவர்களுக்கு அவசியம். எவரானாலும் அறையின் விளக்கை அணைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் எரியவிடக் கூடாது. இருளுக்கும் ஒளிக்கும் மாறிமாறிப் பார்ப்பது கண்ணைக் களைப்படையச் செய்யும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவிலுள்ள எதையேனும் இருபது விநாடி பார்ப்பது நல்ல வழக்கம். உற்றுப் பார்க்கும்போது கண்சிமிட்டுதல் குறைந்துவிடுவதால் கண் உலர்ந்து எரியவும் கூடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உருப்பெருக்கி, வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் துணியையும் தாளையும் பற்றவைக்க வல்லது. விளக்கு அணைந்திருந்தாலும், வீட்டில் எவரும் இல்லாதிருந்தாலும் இது நிகழலாம். கோடையில்தான் ஆபத்து என்று எண்ணலாகாது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால், அதன் கதிர் யன்னல் வழியே அறையின் உட்புறம் வரை நுழைகின்றது. வேலை முடிந்ததும் வில்லையை அதன் மூடியால் மூட வேண்டும். மூடி இல்லையேல் தடித்த துணியால் மூடி, யன்னலுக்கு அப்பால் வைக்க வேண்டும்.

பல வில்லைகள் கண்ணாடியல்ல, பிளாஸ்ரிக். முந்தானையால் துடைத்தால் தூசியே கீறலிடும். தூசியை ஊதி அகற்றியபின் ஈரமான மென்துணியால் துடைக்க வேண்டும். பழைய மாதிரிகளிலுள்ள வட்டக் குழல்விளக்கில் பாதரசம் உண்டு. அதை வீட்டுக் குப்பைத் தொட்டியில் இடாது மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மின்கம்பி நடைவழியின் குறுக்கே கிடந்து முதியோரை இடறிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு போதாதபோது

நல்ல உருப்பெருக்கியால் விளையக்கூடிய கேடு ஒன்றுண்டு. பார்வை குறையக் குறைய மேலும் வலுவான வில்லையை வாங்கிக்கொண்டே சென்று, குறைவதற்கான காரணத்தை அறியாமல் இருந்துவிடுவது. குளோக்கோமா என்னும் நோய் பெரும்பாலும் வலியின்றி, பார்வையின் ஓரங்களிலிருந்து தொடங்குகின்றது. வில்லையின் நடுவே தையலை மட்டும் பார்ப்பவர் அதை உணரவே மாட்டார். அதனால் இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்க மட்டுமே சிகிச்சை உண்டு. நீரிழிவும் தொடக்கத்தில் எவ்வித அறிகுறியுமின்றியே விழித்திரையைப் பாதிக்கலாம். தமிழர் உள்ளிட்ட தெற்காசியரிடையே நீரிழிவு மிகுதியாக இருப்பதால் இது நம் வீடுகளுக்கு நெருங்கிய செய்தி.

இங்கிலாந்தில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோர், நீரிழிவு அல்லது குளோக்கோமா உள்ளோர், தாய், தந்தை, உடன்பிறந்தார், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்குக் குளோக்கோமா இருக்கும் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் ஆகியோருக்குத் தேசிய சுகாதார சேவையின் கண் பரிசோதனை இலவசம். குறிப்பிட்ட சில அரச உதவித்தொகைகளைப் பெறுவோருக்கும் இச்சலுகை உண்டு. உடல்நிலை காரணமாகத் தனியே வெளியே செல்ல இயலாதோர் வீட்டிலேயே பரிசோதனை செய்யக் கேட்கலாம். 12 வயதும் அதற்கு மேலும் உள்ள நீரிழிவாளருக்கு அனுப்பப்படும் நீரிழிவுக் கண் பரிசோதனை அழைப்பு இதிலிருந்து வேறானது. ஒன்றுக்குச் சென்றதால் மற்றதைத் தவிர்க்கலாகாது. அப்பரிசோதனையில் இடும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று வாகனம் ஓட்டக் கூடாது.

நாட்காட்டியின் நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, வாசிக்கும் சொல்லின் நடுவே மறைந்தாலோ, கண்ணில் திடீரென மின்னல்களும் கரும்புள்ளிகளும் திரைபோன்ற நிழலும் தோன்றினாலோ, அடுத்த பரிசோதனை வரை காத்திராது உடனே உதவி நாட வேண்டும்.

கண்ணாடி அணிந்தும் வேலை செய்ய முடியாத அளவுக்குப் பார்வை குறைந்தோரை, கண் பரிசோதகரோ குடும்ப மருத்துவரோ குறைபார்வைச் சேவைக்கு அனுப்பி வைக்கலாம். பல மருத்துவமனைகளில் அச்சேவை, வெவ்வேறு உருப்பெருக்கிகளைப் பரீட்சித்துப் பார்க்கச் செய்து, பொருத்தமானதை இலவசமாக இரவல் தருகின்றது. கடையில் ஊகித்து வாங்குவதற்குமுன் இவ்வழியை நாடுவது சிறந்தது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான பதிவேடு ஒன்றை உள்ளூராட்சி மன்றமும் பேணி வருகின்றது. பதிவு செய்யாதவரும் மன்றத்தின் சமூகப் பராமரிப்புப் பிரிவிடம் மதிப்பீடு கோரலாம்; பயிற்சி பெற்ற அலுவலர் வீட்டுக்கு வந்து விளக்குகளின் இடத்தையும் சமையலறையின் அமைப்பையும் பார்த்து ஆலோசனை வழங்குவதும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவோர் நேரம் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். செல்லும்போது அணியும் கண்ணாடிகள் யாவற்றையும், இயலாமற்போன வேலையையும் கையோடு கொண்டுசெல்வது பயன் தரும்: பாதி தைத்த சட்டையும் அதே நூலும் ஊசியும், அல்லது வாசிக்க முடியாத மருந்துப் பெட்டி. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு சிறியதைப் பார்க்க வேண்டியிருக்கின்றது என்பதைப் பரிசோதகர் அவற்றைக் கொண்டே அளந்துகொள்வார்.