ஓயாத கவலைக்குக் குழுச் சிகிச்சை

கல்லூரியிலிருந்து மகன் வீடு திரும்பப் 10 நிமிடம் தாமதமானாலே, விபத்து நேர்ந்திருக்குமோ என அஞ்சித் தொலைபேசியில் அழைக்கிறார் ஒரு தாய். மகன் வந்து சேர்ந்ததும் அச்சம் தணிகிறது. உடனே வீட்டுக் கடனைப் பற்றியோ கணவரின் உடல்நிலையைப் பற்றியோ வேறொரு கவலை தொடங்கிவிடுகிறது. இத்தகைய கட்டுக்கடங்காத கவலை 6 மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் நீடித்து, தூக்கமின்மை, களைப்பு, எரிச்சல், தசை இறுக்கம் போன்ற தொல்லைகளும் சேர்ந்து அன்றாட வாழ்வைப் பாதித்தால், அதனைப் ‘பொதுவான பதற்ற நோய்’ என்கிறோம். இது மன உறுதியின் குறைபாடு அன்று. சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய்.

இதற்கு மருந்துகளும் உள்ளன. எண்ணத்தையும் நடத்தையையும் சீரமைக்கும் உளவியல் சிகிச்சையும் உள்ளது. பின்னதைக் குழுவாகவும் பெறலாம். பொதுவாக 6 முதல் 10 பேர் வரை, வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 2 மணி நேரம், 8 முதல் 12 வாரங்கள் கூடுவர். ‘அறியாதவர் நடுவே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டுமா?’ எனப் பலர் தயங்குகின்றனர். அவ்வாறு கட்டாயம் ஏதும் இல்லை. குழுவில் பேசப்படுவது வெளியே செல்லலாகாது என்பதும் முதல் நாளிலேயே அனைவரும் ஏற்கும் விதி.

குழுவில் கற்பிக்கப்படுபவை எளிய பயிற்சிகளே. அஞ்சுவதை ஓர் ஏட்டில் எழுதி, பின்னர் உண்மையில் நடந்ததை அதன் எதிரே குறிப்பது ஒன்று. தசைகளை இறுக்கித் தளர்த்துவது மற்றொன்று. நாள் முழுதும் கவலைப்படுவதற்கு மாறாக, குறித்த இடத்தில், குறித்த அரை மணி நேரத்தில் மட்டும் கவலைப்படுவது இன்னொன்று. இம்முறையை அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் தம் குழுவினருடன் 1983ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். பிறர் அச்சத்திலுள்ள மிகையை நாம் எளிதில் காண்கிறோம். அதே மிகை நம் அச்சத்திலும் இருப்பதை மெல்ல உணரச் செய்வதே குழுவின் தனிச்சிறப்பு.

குடும்பத்தினருக்கு ஒரு சொல். ‘ஒன்றும் ஆகாது’ என்று நாம் அன்போடு கூறும் ஆறுதல், அந்த நேரத்திற்கு மட்டுமே உதவுகிறது. பயிற்சிக் காலத்தில் நானும் அவ்வாறே கூறி அனுப்பியதுண்டு. மறுவாரம் அதே கேள்வியுடன் திரும்பி வந்தனர். உறுதிமொழி கிடைத்தால்தான் அமைதி என மனம் பழகிவிடுகிறது. அதற்காகத் திடீரென முகம் திருப்பிக்கொள்ள வேண்டாம். நோயாளியோடும் சிகிச்சையாளரோடும் கலந்து பேசி, படிப்படியாகக் குறையுங்கள். ‘ஏட்டில் எழுதிவிட்டீர்களா? மாலையில் கவலைக்கான நேரத்தில் பார்ப்போம்’ எனக் கனிவோடு கூறலாம்.

முதல் சில வாரங்கள் கடினமாகத் தோன்றக்கூடும். இடையில் நிறுத்திவிட வேண்டாம். மருந்துகளையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. தைராய்டு மிகைச் சுரப்பும் இத்தகைய அறிகுறிகளைத் தரும் என்பதால், தேவையானால் இரத்தப் பரிசோதனை செய்வோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வு வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

கவலையே இல்லாத வாழ்வு எவருக்கும் வாய்ப்பதில்லை. மகன் தாமதமாகும் மாலைகள் அந்தத் தாய்க்கு இனியும் வரும். அன்று தொலைபேசியை எடுக்காமல் அவர் சமையலைத் தொடர்வாராயின், சிகிச்சை பயன் தரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.