மூன்றாம் முறை அழுத்துமுன்

நடவுக் கூலி கொடுப்பதற்காகப் பணம் எடுக்கச் சென்ற நம் அங்கத்தினர் ஒருவர் வெறுங்கையுடன் திரும்பிய செய்தியைச் சென்ற மாதம் கேட்டு வருந்தினோம். அவர் கணக்கில் பணம் இருந்தது. பழைய ஏ.டி.எம். கார்டின் காலம் முடிந்து வங்கி புதிய கார்டு அளித்திருந்தது. அவரோ பழைய இரகசிய எண்ணையே அழுத்தினார். இயந்திரம் மறுத்தது. மறுபடியும் அழுத்தினார், மறுத்தது. அடுத்த தெருவிலுள்ள வேறோர் இயந்திரத்தில் மூன்றாம் முறை முயன்றார். அத்துடன் கார்டு முடங்கிற்று. அன்று சனிக்கிழமை மாலை. நடவு நட்ட பெண்களுக்குக் கூலி கொடுக்க அவர் கைமாற்று வாங்க நேர்ந்தது.

எண்ணை மறப்பது எவருக்கும் நேரக்கூடியதே. மறுப்பின் காரணத்தை அறியாமல் மீண்டும் மீண்டும் முயல்வதே கேட்டை விளைவிக்கிறது.

ஏ.டி.எம். இயந்திரம் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. நம் கணக்குள்ள வங்கியின் கணினியைக் கேட்டே பணம் தருகிறது. எத்தனை முறை தவறான எண் வந்தது என்பதையும் வங்கியே குறித்துக்கொள்கிறது. ஆகவே இயந்திரத்தை மாற்றுவதால் பயனில்லை. பெரும்பாலான வங்கிகளில் மூன்று முறை தவறினால் கார்டு நிறுத்தப்படுகிறது. இவ்விதி நம் நன்மைக்கே ஏற்பட்டது. நான்கு இலக்க எண்கள் மொத்தம் 10,000 உண்டு. இக்கட்டுப்பாடு இல்லையேல், கார்டைத் திருடியவன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து நம் சேமிப்பைக் கவர்ந்து விடுவான் அன்றோ?

மறுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. இருப்புக்கு மேற்பட்ட தொகையைக் கேட்டால் பணம் வாராது. சில வங்கிகள் அதற்குக் கட்டணமும் பிடிக்கின்றன. ஒரு நாளைக்குரிய வரம்பு மீறினாலும் மறுப்பு வரும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிய கார்டு உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே உடனே செல்லும். இணையவழிச் செலவுக்கு நாமே வங்கியிடம் அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்வார்களாக:

1. புதிய கார்டுக்கு எண் அமைத்தவுடன், வங்கி திறந்துள்ள நாளிலேயே சிறு தொகை எடுத்துப் பார்க்கவும்.

2. முதல் மறுப்பிலேயே திரையில் தோன்றும் காரணத்தைப் படிக்கவும். இயலாதாயின் வங்கி ஊழியரையோ சங்கச் செயலாளரையோ கேட்கவும்.

3. இரண்டு முறை எண் தவறினால் நிறுத்தவும். மூன்றாம் முறை ஊகித்து அழுத்த வேண்டாம்.

4. பணம் வாராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டிருந்தால், சீட்டைப் பத்திரப்படுத்தி வங்கிக்குத் தெரிவிக்கவும். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு உத்தரவுப்படி, ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 ஈடு உண்டு.

5. முடங்கிய கார்டு சில வங்கிகளில் மறுநாள் தானே இயங்கும். சிலவற்றில் புதிய எண் அமைத்தல் வேண்டும். "முடக்கத்தை நீக்கித் தருகிறோம்" என்று தொலைபேசியில் எண் கேட்பவன் வஞ்சகனே. அவனிடம் எதையும் கூறலாகாது.

தறியில் இழை அறுந்தால், நிறுத்திப் பிணைத்த பிறகே நாடாவை ஓட்டுகிறோம். அந்த நிதானத்தைப் பண விஷயத்திலும் கைக்கொள்ளுமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.