சித்தூர்க்காரர்களின் பக்கத்துக் கடல்

பூநாரைகளைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. பழவேற்காடு ஏரியின் வாயை மணல் மூடுவது மீனவர்களின் கவலையாக மட்டுமே இருக்கிறது.

சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. குப்பத்தை அடுத்து மேட்டு நிலத்தில் இருக்கும் சாந்திபுரத்தில் இயற்கைக் காட்சி என்றால் மலையும் காடும்தான். 1980-களில் தமிழக, கர்நாடக எல்லைக் காடுகளிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் இறங்கின. அவற்றுக்காக 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் உருவானது. கிழக்கே திருமலையைச் சுற்றியுள்ள சேஷாசலக் காடுகள் 1989-இல் வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாயின. செம்மரமும் தலக்கோனா அருவியும் அங்கே பிரசித்தம்.

ஆனால் 2022 ஏப்ரல் 4 அன்று வரைபடம் மாறியது. ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது, பழைய சித்தூரின் ஒரு பகுதியும் நெல்லூரின் தென்கோடியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் பிறந்தது. ஏழுமலையான் வாழும் மாவட்டத்துக்கு அதன்மூலம் ஒரு கடற்கரை கிடைத்தது. கூடவே, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழியான பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் வந்து சேர்ந்தது.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பெயரைக் கொடுத்த ஊரோ தமிழகத்தில். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர் அது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1980 ஜூலையில் இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் ரோகிணியை விண்ணுக்கு அனுப்பியது இங்கிருந்துதான். ஏவுதளம் இருப்பதால் தீவின் கடற்கரைக்குள் பொதுமக்கள் நினைத்தபடி நுழைய முடியாது. கடலில் கால் நனைக்க விரும்புகிறவர்கள் வடக்கே துபிலிபாளையம் போகலாம். அல்லது எல்லை தாண்டிப் பழவேற்காட்டுக்கு வரலாம்.

அக்டோபர் முதல் மார்ச் வரைதான் ஏரிக்குப் பருவம். சூளூர்பேட்டையிலிருந்து தீவுக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே போகிறது. வண்டியை ஓரமாக நிறுத்தினால் இரண்டு பக்கமும் பூநாரைகள். வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்றில் கவிழ்த்து, தண்ணீரை வடிகட்டி, சிறு உயிரினங்களையும் பாசியையும் அவை உண்கின்றன. அந்த இளஞ்சிவப்பு நிறமே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். சற்றுத் தொலைவில் நேலபட்டு சரணாலயம். தண்ணீரில் நிற்கும் செங்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நத்தைகுத்தி நாரைகளும் வக்காக்களும் துணைக்கு. இரை தேட அவை போவது பெரும்பாலும் ஏரிக்குத்தான். ஏரி கெட்டால் கூடும் காலியாகும்.

கெடுவதற்கான காரணங்கள் பல. ஏரிக்கு ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொண்டு வருகின்றன. கடல்நீர் வந்து போக பழவேற்காடு, ராயதொருவு, துபிலிபாளையம் என்று மூன்று முகத்துவாரங்கள். அலை கொண்டு வரும் மணல் இந்த வாய்களை அடைக்கிறது. ஆறுகள் கொண்டு வரும் வண்டல் அடியில் படிகிறது. இன்று ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குறுக்கே போகும் சாலை தண்ணீரின் ஓட்டத்தைத் தடுப்பதால், கோடையில் வடபகுதி பல இடங்களில் வெடித்த தரையாகிவிடுகிறது.

முகத்துவாரம் அடைந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வராது. தண்ணீர் வற்றி உப்பு ஏறும். வலையில் விழுவது குறையும். மீன் குறையும்போது எல்லைத் தகராறு பெருகுகிறது. தமிழக, ஆந்திர மீனவர்கள் மோதிக்கொண்டது பலமுறை. ராக்கெட் தளத்துக்காகத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட யானாதி பழங்குடியினருக்குச் சொந்தப் படகோ பெரிய வலையோ இருப்பது அரிது. கையால் தடவி இறால் பிடிக்கும் அவர்களுக்கு ஏரி வற்றினால் வேறு போக்கிடம் இல்லை.

ஏரியைக் காக்க முயற்சி இல்லாமலில்லை. ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழகப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயமாயின. இறால் பண்ணைகள் பெருகியபோது 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-இல் இத்தொழிலுக்கென்று தனி ஆணையச் சட்டமும் வந்தது.

முகத்துவாரத்தைத் தூர்வாருவது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. ஒருமுறை தோண்டினால் போதாது. மணல் திரும்பத் திரும்ப வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. பூநாரை நின்று மேய முழங்கால் ஆழம் வேண்டும். படகுக்கு அதைவிட அதிகம் வேண்டும். வாய் திறந்திருந்து அலை ஏறி இறங்கும் ஏரியில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. வற்றிப்போன ஏரியில் இரண்டுக்குமே இல்லை.

சூளூர்பேட்டையில் பூநாரைத் திருவிழாவுக்குப் பந்தல் போடும் அரசு, ராயதொருவில் மணல் அள்ளவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். திருப்பதி போய்விட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்கி ஏரியைப் பார்க்க வரும் சாந்திபுரத்துக் குடும்பத்துக்கு, அப்போதுதான் பார்ப்பதற்கு ஓர் ஏரி மிஞ்சும்.