டெண்டர் இல்லை, நிதி இல்லை... குப்பையில் எழுந்த பூங்கா!

பகலில் ரோடு இன்ஸ்பெக்டர், இரவில் சிற்பி

பூங்காவில் நாலு சிலை வைக்க வேண்டும் என்றால் என்ன நடக்கும்? கமிட்டி போடுவார்கள். எஸ்டிமேட் போடுவார்கள். கடைசியில் "நிதி இல்லை" என்று எழுதி பைலை மூடுவார்கள்.

சண்டிகர் நகரில் இது எதுவுமே நடக்கவில்லை. ஆனாலும் ஊருக்கு ஓரமாக, காட்டுக்குள், 12 ஏக்கரில் ஒரு சிற்பப் பூங்கா முளைத்துவிட்டது!

கட்டியவர் கலைக்கல்லூரியில் படித்தவர் அல்ல. பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். பெயர், நேக் சந்த்.

சைக்கிளில் வந்த கல்

இன்றைய பாகிஸ்தானில் ஒரு கிராமத்தில் 1924-ல் பிறந்தவர். பிரிவினையில் ஊரை விட்டு வந்து, சண்டிகரில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதுதான் புதுத் தலைநகரம் எழும்பிக்கொண்டு இருந்தது. பிளான் போட்டவர் வெளிநாட்டு நிபுணர் லெ கார்பூசியே. புது நகரத்துக்காகப் பழைய கிராமங்கள் பலவற்றை இடித்தார்கள். உடைந்த ஓடு, சட்டி, பானை எல்லாம் மலை மலையாகக் குவிந்தன.

மாலையில் மணி அடித்தால் குமாஸ்தாக்கள் வீட்டைப் பார்த்துப் போவார்கள். நேக் சந்த் சைக்கிளை எடுத்துக்கொண்டு குப்பை பொறுக்கப் போவார்!

உடைந்த வளையல், பீங்கான் தட்டு, வாஷ்பேசின், கக்கூஸ் கோப்பை, பியூஸ் போன டியூப் லைட்... எதையும் விடவில்லை. ஆற்றங்கரையில் விசித்திர வடிவக் கற்களையும் பொறுக்கிச் சைக்கிளில் கட்டி வந்தார். சிமெண்டில் உருவம் பிடித்து, மேலே வளையல் துண்டுகளைப் பதித்தார். ஆடும் பெண்கள், குரங்குகள், குடம் தூக்கும் கூட்டம் என்று வரிசை வரிசையாக நின்றன.

1957-ல் ஆரம்பித்த வேலை. ஏறத்தாழ 18 வருடம் அதிகாரிகள் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போயிருக்கும். காரணம், அது கட்டடமே கட்டக் கூடாது என்று அரசு ஒதுக்கிய காட்டு நிலம்!

சம்பளத்தோடு பதவி

1970-களின் நடுவில் குட்டு வெளிப்பட்டது. அதிகாரிகள் திகைத்தார்கள். சட்டப்படி இடிக்க வேண்டும். ஆனால் விஷயம் பரவி, ஜனங்கள் பார்க்கத் திரண்டு வந்துவிட்டார்கள். இடிக்க மனம் வரவில்லை.

1976-ல் 'ராக் கார்டன்' என்ற பெயரில் திறந்தே வைத்தார்கள். நேக் சந்துக்கு அந்தத் தோட்டத்துக்கே பொறுப்பாளர் பதவி, சம்பளம், கூடவே 50 தொழிலாளிகள்! புறம்போக்கில் குடிசை போட்டவரைக் கூப்பிட்டு, பட்டாவும் கொடுத்து, மாதப் படியும் அளந்த கதைதான்.

சிற்பத்துக்குக் கச்சாப் பொருள்? உடைந்த பீங்கானும் கந்தல் துணியும் சேகரிக்க ஊரில் ஆங்காங்கே மையங்கள் வைத்தார்கள். நகரத்தின் குப்பைச் செலவில் ஒரு பங்கு கலையாகத் திரும்பியது. 1983-ல் தபால்தலை, 1984-ல் பத்மஸ்ரீ.

பணம் நின்றது

கட்டும்போது சர்க்கார் கஜானா தேவைப்படவில்லை. கட்டிய பிறகுதான் தேவைப்பட்டது. சிமெண்ட் வெடிக்கும், வளையல் துண்டு உதிரும், அருவிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டும். கூலி யார் கொடுப்பது?

1996-ல் நேக் சந்த் வெளிநாடு போயிருந்த நேரம். நகர நிர்வாகம் நிதியை நிறுத்தியது. விஷமிகள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். பிறகு தோட்டத்துக்கென ஒரு சொசைட்டி பொறுப்பேற்றது. லண்டனில் 1997-ல் ஒரு அறக்கட்டளை தொடங்கி, வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து சிமெண்ட் குழைத்தார்கள். வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு தினமும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே போகிறார்கள். சிலையைக் காக்கும் காசில் அந்த டிக்கெட்டுக்கும் பங்கு உண்டு.

நேக் சந்த் 2015 ஜூனில், 90-வது வயதில் காலமானார்.

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஐகோர்ட். ரோடு போட வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று 1980-களின் இறுதியிலேயே தகராறு வந்தது. அப்போது தோட்டம் தப்பியது. 2025 மார்ச்சில் அதே பேச்சு மறுபடி கிளம்பியது. ஊர்க்காரர்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் ரோட்டை அகலமாக்கவும் கார் நிறுத்தவும் தோட்டத்துச் சுவரில் ஒரு பகுதியை இடித்துத் தள்ளிவிட்டார்கள்.